சூத்திரம் தெரியும், கணக்கு வராது: ஒரு பத்தாம் வகுப்பு விடைத்தாளின் அலசல்

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நாற்பதைத் தொட்டு நின்றுவிட்ட ஒரு மாணவியைப் பற்றியது இது. தமிழ்வழி, அரசு உதவி பெறும் பள்ளி, மாலையில் என்னிடம் டியூஷன். வகுப்பில் கவனமாக இருப்பாள். நோட்டு பளிச்சென்று இருக்கும். வீட்டுப்பாடம் பாக்கி வைத்து நான் பார்த்ததில்லை. மற்ற பாடங்களில் எழுபதுக்குக் குறையாது, கணக்கு மட்டும் காலை வாரிவிடும்.

அவளுடைய அம்மா காரணத்தை முடிவு செய்துவிட்டுத்தான் என்னிடம் பேசினார். "வீட்டுல எல்லா ஃபார்முலாவும் கடகடன்னு ஒப்பிக்கிறா சார். பரீட்சை ஹாலுக்குப் போனா மறந்துருது. வல்லாரைக் கீரைகூடக் குடுத்துப் பாத்துட்டேன்." மாணவியும் அதைத்தான் சொன்னாள்: "படிச்சது எல்லாம் தெரியும் சார். அங்க போய் உக்காந்தா குழம்பிருது."

ஞாபக மறதி என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சமூக அறிவியலில் அத்தனை ஆண்டுகளையும் ஒப்பந்தங்களையும் பிசகாமல் எழுதுகிற பெண்ணுக்கு, கணக்குச் சூத்திரங்கள் மட்டும் எப்படி நழுவும்? விடைத்தாளைக் கொண்டுவரச் சொன்னேன். மதிப்பெண் போன இடங்களை மட்டும் ஒரு தனித்தாளில் வரிசையாக எழுதிக்கொண்டேன்.

தாள் என்ன கேட்கிறது

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் 100 மதிப்பெண்ணுக்கு, 3 மணி நேரம். ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் வினாவில் 10 எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண் வினாவிலும் 10. கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று. இந்த வடிவியலும் வரைபடமும் கைப்பழக்கத்தில் வந்துவிடும். அவளும் அதில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். சூத்திரம் விளையாடுகிற இடம் தொடர்வரிசை, ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், அளவியல், புள்ளியியல். ஐந்து மதிப்பெண் வினாக்கள் நிறைய வருவதும் இங்கிருந்துதான். வினாத்தாளோடு சூத்திரப் பட்டியல் எதுவும் தருவதில்லை. தலையில் இருப்பதுதான் கையில் வரும்.

திருத்தும்போது சூத்திரம் எழுதிய வரிக்குப் பெரும்பாலும் தனி மதிப்பெண் உண்டு. அதனால் "கணக்கு வரலைன்னாலும் ஃபார்முலாவ எழுதிட்டு வா" என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வோம். 35 எடுத்துத் தேறினால் போதும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்கு அது நல்ல அறிவுரை. எழுபது எடுக்கக்கூடிய பிள்ளை அதையே பிடித்துக்கொண்டால், சூத்திரம் எழுதி முடித்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும்.

விடைத்தாளில் இருந்தவை

ஒரு வாளி. கூம்பின் இடைக்கண்ட வடிவம் (கூம்பின் உச்சிப் பகுதியை வெட்டி எடுத்தால் மிஞ்சுவது), உயரம் 16 செ.மீ., மேல் ஆரம் 20, கீழ் ஆரம் 8. எவ்வளவு பால் பிடிக்கும்? சூத்திரம்: உயரத்தை (எச்) மூன்றால் வகுத்து, அதைப் பையால் (π) பெருக்கி, அடைப்புக்குள் பெரிய ஆர் ஸ்கொயர், சின்ன ஆர் ஸ்கொயர், அப்புறம் இரண்டு ஆரத்தின் பெருக்கல். அவள் கடைசி உறுப்பை விட்டுவிட்டாள். 400 + 64 = 464 என்று வைத்து, கடைசியில் ஏறக்குறைய 7,777 கன செ.மீ. வந்திருக்கிறது. சரியான விடை 400 + 64 + 160 = 624 என்று வைத்தால் வரும் சுமார் 10,459, அதாவது பத்தரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் துல்லியம். உறுப்பு ஒன்றுதான் காணோம்.

அடுத்தது ஒரு கூடாரம். கூம்பு வடிவம், ஆரம் 7 மீ., உயரம் 24 மீ. எவ்வளவு துணி வேண்டும்? பை ஆர் எல் என்று சூத்திரத்தைச் சரியாக எழுதியிருந்தாள். எல் இருக்க வேண்டிய இடத்தில் 24 போட்டு 528 ச.மீ. என்று முடித்திருந்தாள். எல் என்பது சாயுயரம், உச்சியிலிருந்து அடி விளிம்புவரை சரிவாக அளப்பது. அது 25. விடை 550.

மூன்றாவது திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அவள் கூடுதலை வர்க்கப்படுத்தி, அதற்குப் பிறகு எண்ணிக்கையால் வகுத்திருந்தாள். வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்துவிட்டது. வந்த மைனஸை அழித்துவிட்டு மேலே போயிருக்கிறாள். அழித்த தடம் தாளில் அப்படியே தெரிகிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தத் தடம்தான். ஏதோ தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே போய்ச் சரிபார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

முக்கோணவியலில் 1 + டேன் ஸ்கொயர் = சீகண்ட் ஸ்கொயர் என்பது இடம் மாறி, சீகண்ட் பக்கம் ஒன்று ஏறியிருந்தது. தொடர் கூட்டலில் வர்க்கங்களின் கூடுதல் கேட்ட இடத்தில் கனங்களின் கூடுதல்.

இவற்றில் ஒன்றைக்கூட முழு மறதி என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு இடத்திலும் சூத்திரத்தின் பெரும்பகுதி வந்திருக்கிறது. ஓர் உறுப்பு விடுபடுகிறது, இல்லையென்றால் பக்கத்துச் சூத்திரம் உள்ளே புகுந்துவிடுகிறது, இல்லையென்றால் எழுத்துக்கு நேரே வேறு எண் உட்கார்ந்துவிடுகிறது.

வரிசை மாறினால்

விடைத்தாளை மூடிவிட்டு வாய்மொழியாகக் கேட்டேன். அளவியல் சூத்திரங்களைச் சொல்லச் சொன்னதும் உருளையில் ஆரம்பித்து கூம்பு, கோளம், அரைக்கோளம், இடைக்கண்டம் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். வாளியில் விட்ட அந்த உறுப்பும் அதில் இருந்தது! வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டின் வரிசை அது. கடையில் வாங்கியது, அட்டவணை போட்டு, கலர் கலராக.

அப்புறம் நடுவிலிருந்து கேட்டேன். "இடைக்கண்டத்தோட வளைபரப்பு மட்டும் சொல்லு." சத்தமில்லாமல் உதடு அசைந்தது. உருளையிலிருந்து ஆரம்பித்து ஓடி வந்துதான் அந்த இடத்தைப் பிடிக்க முடிந்தது. பரீட்சையில் இப்படி ஓடி வருவதற்குள் பக்கத்து வரி ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

கடைசியாக ஒரு கூம்பு வரைந்து கொடுத்து, "எல் எங்க இருக்கு காட்டு" என்றேன். பென்சில் முனை உச்சியிலிருந்து நடுவாகக் கீழே இறங்கியது. அது உயரம். "அப்ப எச் எது?" என்றதும் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடாரக் கணக்கில் 24 எப்படி வந்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பை ஆர் எல் என்ற மூன்று எழுத்து அவளிடம் இருக்கிறது, அவை கூம்பின் மேல் எங்கேயும் ஒட்டவில்லை.

இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வில், பெருந்தொற்றுக்குப் பிறகு 2022-லிருந்து கணக்குத் தாளோடு சூத்திரத் தாள் கொடுக்கிறார்கள். நம் ஊரிலும் கொடுக்கலாமே என்று அவ்வப்போது பேச்சு எழும். கொடுத்தால் நல்லதுதான், நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் இந்தப் பெண்ணின் கூடாரம் அந்தத் தாள் இருந்தாலும் 528-லேயேதான் நின்றிருக்கும்.

இரண்டு விளிம்பு, ஒரு சரிவு

முதல் வேலையாக ஒப்பிப்பதை நிறுத்தச் சொன்னேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லாத நேரத்தில் மனப்பாடத்தை நிறுத்தச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்!

பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றை எடுத்தோம். வழவழப்பான கெட்டித் தாள், சுருட்டினால் நிற்கும். கால்வட்டமாக வெட்டி கூம்பாகச் சுருட்டி ஒட்டினாள். ஒட்டிய ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எல் என்று எழுதச் சொன்னேன். அடி விளிம்பைச் சுற்றி "2 பை ஆர்". உள்ளே ஒரு குச்சியை நிறுத்தி அதில் எச். இப்போது ஓரத்தைப் பிரித்து விரித்தால் எல் என்று எழுதிய ஓரம் வட்டக்கோணப் பகுதியின் ஆரமாகப் படுத்திருக்கிறது, அடி விளிம்பு வில்லாக வளைந்திருக்கிறது, எச் எழுதிய குச்சி மேசையில் தனியாகக் கிடக்கிறது. துணி எவ்வளவு என்று கேட்டால் குச்சிக்கு அதில் என்ன வேலை? அதற்குப் பிறகு எச், எல் குழப்பம் அவளுக்கு வரவில்லை.

வட்டக்கோணப் பகுதியின் பரப்பு வில்லில் பாதியை ஆரத்தால் பெருக்கினால் கிடைக்கும். வில் 2 பை ஆர், பாதி பை ஆர், அதை எல் கொண்டு பெருக்கினால் பை ஆர் எல். சூத்திரம் மேசைமேல் விரிந்து கிடந்த தாளிலிருந்தே வந்துவிட்டது.

அப்புறம் கூம்பின் மேல்பகுதியை வெட்டி எடுத்தோம். வாளி. அதையும் விரித்தால் விசிறி மாதிரி ஒரு பட்டை, இரண்டு பக்கமும் வில். இரண்டு வில்லின் சராசரியைப் பட்டையின் அகலத்தால் பெருக்க வேண்டியதுதான். கணக்கில் வந்த அதே வாளிக்குப் போட்டாள். ஆரம் 20-ம் 8-ம், சராசரி 14. அதன் சுற்றளவு 88. சாயுயரம் 20. பெருக்கினால் 1,760 ச.செ.மீ. புத்தகச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தாள், அதே விடை.

இங்கேதான் பிடி கிடைத்தது. இந்த நாலு உருவத்துக்கும் வளைபரப்பு ஒரே வாக்கியம்: மேல் விளிம்பு, கீழ் விளிம்பு இரண்டின் சராசரியைச் சரிவு நீளத்தால் பெருக்கு. உருளையில் இரண்டு விளிம்பும் சமம், சரிவே உயரம், ஆகவே 2 பை ஆர் எச். இடைக்கண்டத்தில் இரண்டும் வேறு. கூம்பில் மேல் விளிம்பு சுருங்கி ஒரு புள்ளி, அதாவது பூஜ்யம், ஆகவே பாதிச் சுற்றளவு. கூம்பைத் தட்டி மேசையோடு மேசையாகச் சப்பையாக்கினால் சாயுயரம் ஆரமாகவே ஆகிவிடும், மிஞ்சுவது வட்டம். பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு என்று நம் பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தில் இருக்கிற விதியும் இதுவேதான்.

சார்ட்டில் நான்கு வரியாக இருந்தது அவள் நோட்டில் ஒரு வரியாகிவிட்டது. மொத்தப் புறப்பரப்புக்கு மூடி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து வட்டத்தைச் சேர்த்துக்கொண்டால் போதும். அதற்கெனத் தனிச் சூத்திரம் மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. மூடியில்லாத வாளிக்கு இரண்டு வட்டமும் சேர்த்துவிடுகிற தப்பும் இதில் குறையும்.

கோளம் மட்டும் இந்த வாக்கியத்துக்குள் வராது. அதற்கு ஆர்க்கிமிடீஸ் கண்டுபிடித்ததைச் சொன்னேன். பந்தை இறுக்கமாகப் பிடிக்கும் ஓர் உருளை டப்பா, உயரம் பந்தின் விட்டம். டப்பாவின் வளைபரப்பும் பந்தின் புறப்பரப்பும் சமம்: 2 பை ஆர் பெருக்கல் 2 ஆர், அதாவது 4 பை ஆர் ஸ்கொயர். கனஅளவில் பந்து அந்த டப்பாவில் மூன்றில் இரண்டு பங்கு. தன் கல்லறையில் இந்த உருவத்தையே செதுக்கச் சொன்ன ஆள் அவர். கி.மு. 75-ல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ தேடிப்போய் அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்ததும் உருளைக்குள் கோளம் இருந்த அந்தச் செதுக்கலை வைத்துத்தான். ஏன் சமம் என்பதைப் பத்தாம் வகுப்புக் கணக்கை வைத்துக்கொண்டு என்னால் விளக்கிவிட முடியாது. நம்பிக்கொள் என்றுதான் சொன்னேன். நம்பினாள்.

மாட்டிப் பார்ப்பது

உருவம் புரிந்த பிறகும் கனஅளவுச் சூத்திரம் அப்படியே மனதில் நின்றுவிடாது. இடைக்கண்டத்தின் கனஅளவைப் பெரிய கூம்பிலிருந்து சின்னக் கூம்பைக் கழித்து நிரூபித்துக் காட்டினேன், பின்தொடர்ந்தாள், மறுநாள் பாதிதான் நினைவிருந்தது. அதனால் வேறு வழி: எழுதியது சரியா என்று அவளே சோதிக்கிற மாதிரி ஒரு பழக்கம்.

வாளியின் இரண்டு ஆரமும் சமமாக இருந்தால் என்ன ஆகும்? உருளை. அப்படியானால் சூத்திரமும் உருளையாக மாற வேண்டும். விடைத்தாளில் எழுதிய மாதிரி இரண்டு உறுப்பு வைத்தால் ஆர் ஸ்கொயர் இரண்டு, கீழே மூன்று. மூன்றில் இரண்டு உருளைதான் வருகிறது. அவளே சொன்னாள்: "கீழ மூணு இருக்கு சார். அப்ப உள்ளயும் மூணு இருந்தாத்தான் கேன்சல் ஆகும்." அந்த மூன்றாவது உறுப்பு எதற்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. சின்ன ஆரத்தைப் பூஜ்யமாக்கினால் கூம்பு வரவேண்டும், வருகிறது.

மற்ற சூத்திரங்களுக்கும் இதையே நீட்டினோம். திட்ட விலக்கம் குழம்பினால் 5, 5, 5 என்று மூன்று எண்ணைப் போடு. எல்லாம் ஒன்றே என்றால் விலக்கம் பூஜ்யம். சரியான சூத்திரத்தில் 25 கழித்தல் 25. அவள் எழுதிய சூத்திரத்தில் 25 கழித்தல் 75. மைனஸ் எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரியில் தெரிந்துவிட்டது. வர்க்கங்களின் கூடுதலா, கனங்களின் கூடுதலா என்று சந்தேகம் வந்தால் இரண்டு வரை மட்டும் கூட்டு: 1 + 4 = 5. என், என்-பிளஸ்-ஒன், டூ-என்-பிளஸ்-ஒன் பெருக்கி ஆறால் வகுத்தால் 2 × 3 × 5 / 6 = 5. மற்றதில் 9 வரும். முக்கோணவியலுக்கு 45 டிகிரி: டேன் 1, சீகண்ட் √2. 1 + 1 = 2, சரி. மாற்றிப் போட்டால் 1 + 2 = 1, சிரிப்பு வரும்.

கேள்வித்தாள் வாசிக்க முதலில் தரும் பத்து நிமிடத்தில் எதையும் எழுத முடியாது. ஆனால் இந்தச் சோதனைகளில் பாதி, தாள் இல்லாமல் தலைக்குள்ளேயே முடிந்துவிடும்.

கலந்து போடுவது

பயிற்சி முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. அவளுடைய நோட்டில் ஒரு பயிற்சி முழுக்க உருளை, அடுத்த பயிற்சி முழுக்கக் கூம்பு. பத்துக் கணக்கும் ஒரே சூத்திரம் என்றால் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கிற வேலையே வராது. பரீட்சையிலோ முதல் வேலையே அதுதான்.

இதைப் பற்றி அமெரிக்காவில் ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் அதுவும் கனஅளவுச் சூத்திரம் பற்றியதே. கல்லூரி மாணவர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத நாலு திண்மங்களைக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வடிவமாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனது, இன்னொரு குழு கலந்து போட்டது. பயிற்சியின்போது கலந்து போட்டவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ அவர்கள் 63%, மற்றவர்கள் 20%.

இதில் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது அந்தத் தடுமாற்றத்தைத்தான். கலந்து போட ஆரம்பித்த முதல் வாரத்தில் அவளுக்கு நிறையத் தப்பு வந்தது. "முன்னாடி டிக்கா இருந்துச்சு, இப்ப எல்லாம் தப்பா இருக்கே சார்" என்று அம்மா நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பழைய டிக்குகள் எதை அளந்தன என்பதை நோட்டை வைத்துத்தான் விளக்க முடிந்தது: பயிற்சியின் தலைப்பை மறைத்துவிட்டு அதே பழைய கணக்கு ஒன்றைக் கொடுத்தேன், எந்தச் சூத்திரம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

சார்ட்டைப் பார்த்துப் படிப்பதற்குப் பதிலாக வெள்ளைத்தாளில் படம் வரைந்து, எழுத்துகளைப் படத்தில் குறித்து, பார்க்காமல் சூத்திரம் எழுதுவதை டியூஷனின் முதல் வேலையாக வைத்தோம். விட்டுப்போனதை மட்டும் புத்தகம் திறந்து பார்ப்பது. இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடியும்.

வந்ததும் வராததும்

ஜனவரி, பிப்ரவரி திருப்புதல் தேர்வுகளில் அளவியலிலும் புள்ளியியலிலும் சூத்திரத் தப்பு ஏறக்குறைய நின்றது. பொதுத்தேர்வில் அறுபதைத் தாண்டினாள், எழுபதைத் தொடவில்லை. இணைந்த உருவங்கள் கடைசிவரை தகராறுதான். உருளைமேல் கூம்பு உட்கார்ந்திருக்கும்போது ஒட்டிய முகத்தையும் கூட்டிவிடுவாள். இது சூத்திரப் பிரச்சினை இல்லை, படத்தைப் பார்க்கிற பழக்கம். அதற்கு இன்னும் நாள் வேண்டும், நாள் இல்லை. ஆயத்தொலை வடிவியலில் முக்கோணப் பரப்புச் சூத்திரத்தைப் பழையபடி குறுக்குப் பெருக்கல் தடத்தை வைத்தேதான் எழுதினாள், சரியாகவே எழுதினாள். ஓடுகிறதை நான் கிளறவில்லை.

அதே வகுப்பில் நேர் எதிரான ஒரு பையனும் இருந்தான். எதையும் மனப்பாடம் செய்ய மாட்டான், எல்லாவற்றையும் வருவிப்பான். திருப்புதல் தேர்வில் இடைக்கண்டக் கனஅளவை வடிவொத்த முக்கோணத்திலிருந்து ஆரம்பித்து அரைப்பக்கம் நிரூபித்துவிட்டு, அப்புறம் கணக்குப் போட்டிருந்தான். அழகான விடை. கடைசி இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்கள் காலி. மூன்று மணி நேரத் தாளில் இப்படியே போனால் கட்டுப்படியாகாது. அவனை உட்காரவைத்து ஒப்பிக்கச் சொன்னேன்: இருபடிச் சமன்பாட்டின் சூத்திரம், வர்க்கங்களின் கூடுதல், கோளம், இடைக்கண்டம், திட்ட விலக்கம். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் ஒப்பித்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, அவன் விடுகிற உறுப்பையெல்லாம் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போதைய வகுப்பில் அளவியல் பாடத்தைக் காலண்டர் தாளில்தான் ஆரம்பிக்கிறேன். சார்ட் உண்டு, ஆனால் பாடம் முடிந்த பிறகு, அவர்களே படம் போட்டு எழுதுவது. கடைச் சார்ட்டை வாங்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். பாதிப்பேர் அதற்குள் வாங்கி ஒட்டியிருக்கிறார்கள்.